காணவில்லை என்று வாசிப்பவள்

உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசிப்பவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை காணாமல் போனால் மட்டும் ஊரே அவள் வாயைப் பார்க்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு நிமிஷமாவது பிள்ளையின் கையை நழுவவிட்டுப் பதறியவர்களுக்கு என் பாடு புரியும்.

கரைதான் அடையாளம்

கருட சேவை அன்று காலை. போலீஸில் புகார் கொடுத்த கையோடு ஒரு நெசவுக்காரர் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தார். ஐந்து வயது மகளைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டார். என்ன உடை என்றேன். "பட்டுப் பாவாடைமா." அன்றைக்கு ஊரில் பாதிப் பெண் பிள்ளைகள் பட்டுப் பாவாடைதான். மச்சம் உண்டா, பின்னலா குடுமியா என்றால், மனிதருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. பாவாடையைப் பற்றி மட்டும் பேச்சு வந்தது: அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் கரை, கரையில் ருத்ராட்ச வேலைப்பாடு. அவரே நெய்தது. வேறு வழியில்லாமல் அதையே வாசித்தேன்.

அரை மணியில் இன்னொரு நெசவுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "மூஞ்சிய நான் சரியாவே பாக்கலமா. நீங்க சொன்ன கரை ரோட்ல போய்க்கினு இருந்துச்சு, பின்னாடியே ஓடிப் புடிச்சேன்."

வாசிக்காத அறிவிப்பு

காவல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்யாமல் 'காணவில்லை' வாசிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஒருநாள் ஒருவர் சிறுமியின் படத்தோடு அழுதபடி வந்தார். உடனே போடச் சொன்னார். நான் ஸ்டேஷனுக்கு அடித்தேன். இரண்டு முறையும் லைன் பிஸி. "உன் பொண்ணா இருந்தா இப்படிப் போனைப் புடிச்சிக்கினு நிப்பியா?" என்று கத்தினார். என் மகளுக்கும் அதே வயது. விதியாவது ஒன்றாவது என்று கை மைக்குக்கே போய்விட்டது.

அதற்குள் ஸ்டேஷனிலிருந்தே போன் வந்தது. தவறிய அழைப்பைப் பார்த்துக் கூப்பிட்ட பெண் காவலரிடம் சிறுமியின் பெயரைச் சொன்னேன். குழந்தை காணாமல் போகவில்லை. இவர் அடி தாங்காமல் மனைவிதான் குழந்தையோடு வெளியேறியிருக்கிறார், புகாரும் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை. படம் மேஜையில் கிடந்தது.

கொஞ்ச நாள் கழித்து, ஸ்டேஷனில் விஷயம் கேள்விப்பட்டு அந்தத் தாய் மகளோடு வந்தார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க போட்டிருந்தா, நல்லது செய்யறதா நெனச்சே யாராவது எங்களக் காட்டிக் குடுத்திருப்பாங்கமா."

கிடைத்த பிறகும்

திருப்புட்குழியில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, பள்ளி விட்டதும் சொல்லாமல் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று மாலையே கிடைத்துவிட்டாள். சந்தோஷத்தில், திரையின் அடியில் ஓடிய 'காணவில்லை' வரியை எடுக்க மறந்துவிட்டோம். அது பாட்டுக்கு மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் அவளே அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டாராம். பால் கடை அம்மா பிடித்த கையை விடவில்லையாம். இடுப்பில் கை வைத்து நின்று கேட்டாள்: "அக்கா, நான் கெடச்சிட்டேன்னும் போடுங்க. கடைக்குப் போனாலே யாராவது என்னைக் கண்டுபுடிச்சி வூட்ல கொண்டாந்து உட்டுர்றாங்க!"

வாசித்து முடிப்பதற்குள் தன் செய்தி பழசாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே செய்தி வாசிக்கிறவள், எனக்குத் தெரிந்து, இந்த ஊரில் நான் ஒருத்திதான்.