செவலை ஈன்ற கன்று

செம்பூரில் கோயில் வாசலில் பசுவைக் கட்டிவைத்துப் புல்கட்டு விற்கிறவள் கோகிலவாணி. சாமி கும்பிட வருகிறவர்கள் ஒரு கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவார்கள். தாராவிப் பட்டறையில் வேலை பார்த்த புருஷன் நெஞ்சுவலியில் போனபிறகு இதுதான் பிழைப்பு. பிள்ளை இல்லை. டிராம்பே ரோட்டோரத் தகரக் கொட்டகையில் அந்தப் பசு செவலையும், அதன் தலைச்சன் கன்று மணியனும், அவளும்தான்.

மணியன் காளையாக வளர்ந்துவிட்டது. "கோசாலைக்கு அனுப்பிருட்டி" என்று பக்கத்து வீட்டு அகிலாண்டம் எத்தனையோ தடவை சொன்னாள். அது வந்து முந்தானையைச் சப்பும். இவளுக்கு மனசு வராது.

போன ஆவணியில் ஒருநாள் காலை செவலைக்குப் பனிக்குடம் உடைந்தது. உச்சிவேளையாகியும் கன்று வரவில்லை. மாட்டு டாக்டர் பரீஹா வந்து, கையுறை மாட்டி, தோள்வரை கையை விட்டுப் பார்த்தாள். பிறகு அவளைச் சித்தி முறையில் 'மௌசி' என்றழைத்து, இந்தியில் மெதுவாகச் சொன்னாள்.

"மௌசி, கன்னுக்குத் தலையில நீர் கோத்திருக்கு. தலை ரொம்பப் பெருசு. காலும் மடங்கி இறுகிப்போயிருக்கு."

"உசிரு இருக்கா?"

"இருக்கு. ஆனா நீரை வடிச்சாத்தான் வெளிய வரும். கன்னு தங்காது. விட்டா தாயும் போயிரும்."

கோகிலவாணி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தாயைக் காப்பாத்துங்க."

நீரை வடித்து, கயிறு போட்டு இழுத்தார்கள். கன்று நாலைந்து தரம் மூச்சு வாங்கி அடங்கியது. அடங்கியது தெரியாமல் செவலை அதை நக்கிக்கொண்டே இருந்தது.

கை கழுவும்போது டாக்டர் கேட்டாள். "எந்தக் காளை?"

"மணியன்தான். ஒருநாள் கயித்தை அத்துக்கிட்டுது."

"இதோட கன்னா?" டாக்டர் செவலையைத் திரும்பிப் பார்த்தாள். "தாயும் மகனும் சேர்ந்தா இப்படிக் குறை வர வாய்ப்பு அதிகம். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, மௌசி."

கோகிலவாணிக்குப் பிந்திய பேச்சு காதில் ஏறவில்லை. அன்று அவள் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"பிரிய மனசில்லாமத்தானே வச்சிருந்தேன், அக்கா? அதுவே அந்தச் சீவனுக்கு எமனாப் போச்சே."

அகிலாண்டம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுவாரம் கோசாலை வண்டி வந்தது. மணியன் ஏற மறுத்தது. கோகிலவாணி தானே முதலில் ஏறி, "வாடே" என்றாள். அவள் குரலுக்கு அது பின்னாலேயே ஏறியது. அவள் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டதும் கதவைச் சாத்தினார்கள்.

வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் மணியன் கத்தியது. கொட்டகைக்குள்ளிருந்து செவலை பதிலுக்குக் கத்தியது. கோகிலவாணி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.