நான் பழக்கிக் கொடுத்த பூட்ஸ்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எட்டாவது வரை படித்து, அதற்குமேல் உபாத்தியாயினிப் பயிற்சி பெற்றவள் நான். சின்னப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் போடுவதோடு என் எழுத்து முடிந்தது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்கிற தைரியத்தில்தான் தொடங்குகிறேன்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். புது பூட்ஸ். அடிக்கு அடி கறீச், கறீச் என்றது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டும்போது அவர் இடது காலை லேசாகச் சாய்த்து வைப்பதைக் கவனித்தேன். குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருக்கும். அவர் போன பிறகும் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலின் வாசனை வகுப்பில் கொஞ்ச நேரம் நின்றது. ஆம்பூரில் பிறந்த எங்களுக்கு அது வாசனை. வெளியூர்க்காரர்கள் வேறு வார்த்தை சொல்வார்கள்.

அந்த வாசனை வந்தால் எனக்கு எஸ்தர் வந்துவிடுவாள்.

யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்தி, எஸ்தரும் நானும் வேலூரில் ஒரே போர்டிங்கில் படித்தோம். ஆம்பூரில் இருவருக்கும் ஒரே தெரு. எங்கள் தெருவில் செருப்புத் தைத்தவர்கள் ஜாஸ்தி, போட்டவர்கள் கம்மி. போட்டுக்கொண்டு நடக்க முடியாத தெருக்களும் ஊரில் இருந்தன, அதை நான் விளக்க வேண்டியதில்லை. போர்டிங்குக்குக் கிளம்பும்போது என் நைனா ஒரே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். அதை ஒரு நாள் அவள், ஒரு நாள் நான் என்று போட்டுக்கொண்டோம். இருவர் காலும் அச்சு அசல் ஒரே அளவு. ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் பின்னால் என் மனசுக்குள் மட்டும் நடந்தது.

பயிற்சி முடிகிற வருஷம், ஒரு பெண்ணை மேல்படிப்புக்கு ஸ்காட்லாந்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மார்க்கில் எஸ்தரும் நானும்தான் முன்னால் இருந்தோம். கணக்கில் நான் அவளைவிட ஒரு படி மேல். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், கை கேட்கவில்லை. பள்ளியை நடத்திய வெள்ளைக்கார அம்மாவை மிசியம்மா என்போம். அவர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். தனியாகக் கப்பலில் போக வேண்டும், பயமாக இருக்கிறதா?

நான் தரையைப் பார்த்தேன். ஓர் எறும்பு சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது சுவரைத் தொடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "வீட்ல கேட்டு சொல்றேங்கம்மா" என்றேன். எஸ்தர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் போறேம்மான்னு சொல்ட்டேன்."

அவ்வளவுதான். நான் ஆம்பூருக்குத் திரும்பி ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டேன். அவள் இங்கிலீஷ் பேசிப் பழக வேலூரிலேயே தங்கினாள்.

கொண்டுவர வேண்டிய சாமான்களுக்குச் சீமையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அதில் கம்பளிக் கோட்டும் இருந்தது, கயிறு கட்டும் பூட்ஸும் இருந்தது. எஸ்தருக்கு அப்பா இல்லை. பூட்ஸை நான் செய்கிறேன் என்று நைனா ஒத்துக்கொண்டார். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் செருப்பும் தைப்பவர். முதலாளி சாயபுகூட, "நம்ம ஊர் பொண்ணு போவுது, நல்ல தோலா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாராம். அளவெடுக்க எஸ்தர் ஊரில் இல்லை.

"அதான் இவ கால் இருக்குதே" என்றார் நைனா.

காகிதத்தின் மேல் என் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். கூச்சத்தில் விரலை மடக்கினேன். "மடக்காத. அந்தப் பொண்ணுக்குக் கடிக்கும்." தோலை மேலே இழுத்துத் தைக்க அந்த அளவுக்கு இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கி, அடையாளத்துக்கு மையால் எஸ்தர் என்று எழுதினார். கால் என்னுடையது, பெயர் அவளுடையது.

பூட்ஸ் தயாரானதும் இன்னொரு வேலை வந்தது. "புதுசா அப்படியே போட்டா கப்பல்லயே கால் புண்ணாய்டும். ஒரு மாசம் நீ போட்டுப் பழக்கு. அடியில மண்ணு மட்டும் படக்கூடாது" என்றார். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் வீட்டுக்குள் கோணிச்சாக்கை விரித்து, அடுப்படிக்கும் வாசற்படிக்கும் நடப்பேன். பக்கத்து வீட்டு சலோமி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடீ, வீட்டுக்குள்ள குதிரை கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள். அம்மா உடனே, "குதிரை இங்க பழகுது, சவாரி சீமையில" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி ஜெபத்தில் எஸ்தருக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று கேட்டேன். பெரிதாக அல்ல, கப்பல் தப்புகிற அளவுக்கு மட்டும். இரண்டு குதிகாலிலும் எனக்குத் தோல் உரிந்திருந்தது. புண்ணாவது அவளுக்கு வரட்டுமே என்றிருந்தது.

மூன்று வாரத்தில் தோல் இளகியது. என் சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும், அந்த இடத்தில் பூட்ஸும் தள்ளிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை வீட்டில் யாரும் இல்லை. கயிறுகளை இறுக்கிக் கட்டி, புடவையைத் தாழ்த்தி விட்டுக்கொண்டு, பின்பக்க வழியாக ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது.

பிளாட்பாரத்தில் இடுப்பில் பெண்குழந்தையோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர் பெண்சாதி. என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா போற?"

"சீமைக்கு. படிக்க."

"தனியாவா? பயமா இல்ல?"

"இல்லீங்க. நான் போறேன்."

ஓர் எறும்பைக்கூடத் தேடவில்லை. நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். மிசியம்மா கேட்டது இதே கேள்விதான். பதில் இத்தனை நாள் என்னிடமே இருந்திருக்கிறது. அந்த அம்மாள் குழந்தையின் கையைப் பிடித்து என் கையில் வைத்து, "அக்கா மாதிரி நீயும் படிக்கணும், சரியா" என்றாள். வண்டி வருகிற சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். போகும்போது கறீச்சிட்டதா என்று நினைவில்லை. வரும்போது ஊரே கேட்கிற மாதிரி கறீச்சிட்டது.

சாயங்காலம் நைனா பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். குதிகால் இடுக்கில் ஒரு கருங்கல் சில்லு சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷன் ஜல்லி இது. எம்மாம் தூரம் போன?"

"பிளாட்பாரம் வரைக்கும்."

"அவ்ளோதானா" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்தோலைக் கண்ணாடித்துண்டால் சுரண்டி, மெழுகு தேய்த்து, கீறல் தெரியாமல் செய்துவிட்டார். அம்மாவிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் எஸ்தர் வந்து போட்டுப் பார்த்தாள். நாலடி நடந்தாள். "உன் கால்லயே நடக்கற மாதிரி இருக்குதுடி" என்றாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "எனக்கு பயமா இருக்குது" என்றாள்.

எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கலாம். "பயமா இருந்தா போவாத" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எந்த ஆசையில் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து, கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

முதல் வருஷம் மூன்று கடிதம் வந்தது. பனியில்கூடப் பூட்ஸ் நன்றாக இருக்கிறது என்று நைனாவுக்கு ஒரு வரி எழுதியிருந்தாள். யுத்தத்தில் கடிதம் நின்றது. அவள் திரும்பி வந்து வேறு ஜில்லாவில் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தலைவியானாள் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கப் போகவில்லை. இந்த வயசிலும் அவள் பெயரை யாராவது பெருமையாகச் சொன்னால் வேறு பேச்சை எடுத்துவிடுவேன். நைனா போய்விட்டார். நாங்கள் படித்த போர்டிங்கை இடித்துவிட்டார்கள். எஸ்தர் என்று எழுதிய இரண்டு கட்டைகளையும் ஒரு மழைக்காலத்தில் விறகு இல்லாமல் அம்மா அடுப்பில் வைத்துவிட்டாள். என் காலைச் சுற்றிக் கோடு போட்டு அளவெடுத்துச் செய்த பொருள் உலகத்தில் அவை இரண்டும் அந்தப் பூட்ஸும்தான்.

சீமைக்குப் போக எஸ்தர் ரயிலேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது. வெறுங்காலோடு போனேன். ஒன்றாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். கூட்டல் கணக்குப் போட்டோம்.