மண்சோற்றுக் காட்சியை எழுதியவன்

அந்த மண்சோற்றுக் காட்சியை எழுதியது குமரேசன் இல்லை. நான்தான். அதில் வரும் பெண்ணும் கற்பனை இல்லை. அவள் என் அக்கா.

சொல்லிவிட்டேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன்... குறையவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டாயிரம் பிறந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், ஒரு சின்ன சேனலில் 'ஸ்டார் பேஜார்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. சினிமா நட்சத்திரங்களையும் அவர்களைக் கும்பிடும் கூட்டத்தையும் கிழித்துத் தொங்கவிடுவதுதான் அதன் வேலை. விக் கழன்று சாம்பாரில் விழும் கதாநாயகன், தமிழ் தெரியாமல் கண்டதையும் உளறும் கதாநாயகி, ஏப்பம், குசு, வழுக்கி விழுதல்... தரத்தைப் பற்றியெல்லாம் கேட்காதீர்கள். கீழ்த்தரம்தான். அதில் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, 'மன்றத்து மங்கா' என்ற பெயரில் தலைவருக்காக உயிரையே விடும் ரசிகை ஒருத்தி வருவாளே, அது நான்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களைச் சிரிக்கவைத்துத்தான் நான் சோறு தின்றேன்.

நாங்கள் திருவொற்றியூர். அப்பா, அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நானும் தேவகி அக்காவும் மட்டும். அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. அந்தக் கையால் முகத்தைத் தொட முடியாது. நெற்றியில் மயிர் விழுந்தால் கீழுதட்டைப் பிதுக்கி 'உஃப்' என்று ஊதுவாள். அதற்கும் போகாவிட்டால் தோளில் கன்னத்தைத் தேய்த்துத் தள்ளுவாள். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஆனால் அக்கா வீட்டில், கை காய்ந்திருக்கும்போதும் அதையே செய்வாள். அவ்வளவு பழகிவிட்டது.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் என்று எங்கே மேடை கிடைத்தாலும் ஏறி நடிகர்கள் குரலில் பேசுவேன். டிவியில் வரவேண்டும் என்பது என் பைத்தியம். அதை அக்கா தன் பைத்தியமாக எடுத்துக்கொண்டாள்.

ஓர் ஆடி வெள்ளியன்று, தெருமுனை அம்மன் கோயிலில், எனக்காக அவள் மண்சோறு சாப்பிட்டாள். நீங்கள் பார்த்திருப்பீர்கள்... கழுவிவிட்ட தரையில் சோற்றைக் கொட்டுவார்கள். மண்டியிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயாலேயே எடுத்துத் தின்ன வேண்டும். அக்கா ஈரப்புடவையோடு குனிந்தாள்.

"எந்தம்பி டிவில வரணும் தாயே" என்று சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மயிர் சோற்றில் விழுந்தது. 'உஃப்' என்று ஊதினாள். தோளில் கன்னத்தைத் தேய்த்தாள். மூக்கு நுனியில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. அப்போது ஒரு நாய் வந்து சோற்றின் மறுபக்கத்தில் வாய் வைத்தது. கையை எடுத்தால் வேண்டுதல் கெட்டுவிடும். அதனால் தோளாலேயே அதை இடித்து இடித்துத் தள்ளினாள். நாயும் விடவில்லை, அவளும் விடவில்லை.

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நாயை விரட்டவில்லை.

ஏன்? இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். பயமா? இல்லை. மறந்தேனா? இல்லவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்! தோள் எப்படி அசைகிறது, ஊதும்போது கண் எப்படிச் சுருங்குகிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். அடுத்தவரைப் பார்த்துப் பார்த்து நடிக்கிறவனுக்கு வரும் வியாதி அது. கடைசியில் பூசாரிதான் ஓடிவந்து நாயைத் துரத்தினார்.

மூன்றே மாதத்தில் எனக்கு 'ஸ்டார் பேஜார்' கிடைத்தது. அம்மன் கொடுத்தது என்றாள் அக்கா. வாங்கிக் கொடுத்தவன் குமரேசன். மாத்தூர்க்காரன், என் கூட்டாளி. மேடைகளில் எனக்குத் துணுக்கு எழுதித் தந்தவன், அந்த நிகழ்ச்சிக்கு எழுத்தாளனாகப் போய், என்னையும் உள்ளே இழுத்துவிட்டான். வாரத்துக்கு ஒரு நாளாவது எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுவான். அக்காவுக்கு அவன் இன்னொரு தம்பி.

எட்டு வாரம் கூட்டத்தில் ஒருவனாக நின்றேன். ஒன்பதாவது வாரம் இயக்குநர், "அடுத்த வாரத்துலேருந்து நீ வர வேணாம்பா" என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நடிகரின் படம் படுத்திருந்தது. ரசிகர்களை வைத்து ஏதாவது செய்யலாம் என்று நிகழ்ச்சிக்காக எடுத்திருந்த வடபழனி அறையில் பேச்சு. குமரேசன் சொன்ன எதுவும் இயக்குநருக்குப் பிடிக்கவில்லை.

நான் எழுந்தேன். "சார், மண்சோறு..." என்றேன்.

சிமென்ட் தரையில் மண்டியிட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "எந்தலைவரு படம் நூறு நாளு ஓடணும் தாயே" என்றேன். ஊதினேன். தோளில் கன்னத்தைத் தேய்த்தேன். நாயைக்கூட விடவில்லை, அதையும் நானே குரைத்துக் காட்டினேன். இயக்குநர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்... அப்படி ஓர் இனிப்பு அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை.

குமரேசன் மட்டும் சிரிக்கவில்லை. டீக்கடையில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், அது அக்கா ஊதுறதாச்சே."

"யாருக்குடா தெரியப்போவுது?"

"அக்காவுக்குத் தெரியும்."

"நான் சொல்லிக்கிறேன். நீ எழுது."

நான் சொன்னதை நம்பி, நான் செய்து காட்டியதை அவன் அப்படியே தாளில் எழுதிக் கொடுத்தான். நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, கம்பெனிப் பெண்கள் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருந்தாள். தம்பி இன்று பெரிய வேஷம் கட்டுகிறான் என்று வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தாள். டிவியில் நான் புடவையில் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், அக்காதான் அதிகம். பிறகு திரையில் நான் ஊதினேன். கம்பெனிப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். பின்பு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அக்காவின் நெற்றியில் மயிர் விழுந்திருந்தது. ஊதுவதற்கு உதட்டைப் பிதுக்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அடுப்புல இன்னாவோ வச்சேன்" என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

எல்லாரும் போன பிறகு கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"குமரேசு எழுதுனதாடா அது? நாயி வந்ததெல்லாம் அவனுக்கு எப்டி தெரியும்?"

பாருங்கள், கேள்வியிலேயே எனக்கு ஒரு வழி விட்டுவிட்டாள்! நான் அதில் நுழைந்துகொண்டேன்.

"அன்னிக்கு அவனும் கோயிலாண்ட வந்தான்க்கா. ஓரமா நின்னு பாத்துகினு இருந்தான். எழுதிட்டான். நான் மாட்டேன்னுதான் சொன்னேன். நீ நடிக்கலன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன்னான்."

ஒரு மூச்சில் சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அக்கா என் தலையைத் தடவி, "வுடு, நீ இன்னா பண்ணுவ" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் குமரேசன் வழக்கம்போல் வந்தான். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"இன்னாத்துக்கு வந்த? எங்கையால துன்னுட்டு, நான் சாமிக்குச் செஞ்சத ஊருக்கே சிரிப்பா காட்டிட்டியே. உன்ன எந்தம்பின்னு நெனச்சேனேடா."

அவன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும். ஒரே ஒரு சொல்!

"மன்னிச்சுக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் படியில் வைத்தான். திரும்பி நடந்தான்.

மறுநாள் படப்பிடிப்பில் என்னிடம் சொன்னான். "அவங்களுக்கு நீ ஒருத்தன்தான் கீற. நான் சொன்னா நல்லா இருக்காது. நீயே சொல்லிடு மச்சான்." இரண்டு மாதம் காத்திருந்தான். நான் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான் எங்கே போவது? மங்காவுக்குக் கூட்டம் கூடிவிட்டது. மங்கா கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றப்போய் உச்சியில் மாட்டிக்கொள்வாள், மங்கா தலைவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் குடியிருப்பாள்... எதைச் செய்தாலும் நடுவில் ஒரு 'உஃப்' வேண்டும். வேண்டாம் சார் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது இல்லாட்டி நீ எதுக்குப்பா?" என்றார் இயக்குநர். நியாயமான கேள்வி. ராயபுரம் பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள் வழிமறித்து ஊதச் சொன்னார்கள். ஊதினேன். கல்யாண வீட்டில் கேட்டார்கள், ஊதினேன். சாவு வீட்டுக்குப் போன இடத்தில், வெளியே பந்தலில் ஒருவன் கேட்டான். அங்கேயும் ஊதினேன்.

நாங்கள் கேலி செய்த அந்த நடிகருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரு விழாவில் அவரே என்னை மேடைக்குக் கூப்பிட்டு, செய்யச் சொல்லிச் சிரித்து, தோளில் தட்டிக்கொடுத்தார். அடி விழுந்தது என் அக்காவுக்கு. கம்பெனியில் அவளுக்கு 'மண்சோறு' என்றே பெயராகிவிட்டது. தெருவில் நடந்தால் பின்னால் ஊதினார்கள். ஒரு வருடம் பொறுத்துக்கொண்டு, வேலையை விட்டாள். மயிர் முன்னால் விழாமல் தலையை இறுக்கி ஒரு துணியைக் கட்டிக்கொள்ளத் தொடங்கினாள். கோயிலுக்கு மட்டும் போவதை நிறுத்தவில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். கேட்டதை அம்மன் கொடுத்தாளாம், அதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அம்மன் கொடுத்ததை உன் தம்பி இப்படித்தான் வைத்துப் பிழைத்தான் என்று சொன்னால், அவளுக்கு வேறு என்ன மிஞ்சும்? இது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். உண்மை அதைவிடக் கேவலமானது. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நின்றுபோய் வருடங்களாகிவிட்டன. நான் இப்போது துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து லாரி எண்களை எழுதுகிறேன். அக்கா வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறாள். போன வருடம் சர்க்கரையில் அவளுக்கு ஒரு கால்விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்த நாளில் நிறைய யோசித்திருக்கிறாள்.

"குமரேசு எங்கடா கீறான்? தேடி இட்டுகினு வா. அன்னிக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல அந்தப் புள்ள. ஒக்காரவச்சு ஒரு வாட்டி சோறு போடணும். மன்னிச்சுக்கடான்னு சொல்லணும்."

கோயமுத்தூர் பக்கம் போய்விட்டான் என்றேன். நம்பர் வாங்கு என்றாள். வாங்குகிறேன் என்றேன். வாரம் தவறாமல் கேட்டாள். ஒரு நாள், "உன்னால ஆவாது, நானே பஸ் ஏறி மாத்தூர்ல போய் விசாரிக்கிறேன்" என்று செருப்பை மாட்டினாள். அந்தக் காலோடு!

"அவன் செத்துட்டான்க்கா" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. நானும் அப்போதுதான் கேட்டேன்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தாள். "எப்டிடா?" என்றாள். மஞ்சக்காமாலை என்றேன். "எப்போ?" போன மாதம். "கெழம?" புதன்கிழமை என்றேன். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வந்தது. அவள் குழாயடிக்குப் போய், கால் கட்டு நனைய, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

குமரேசன் மாத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நன்றாக இருக்கிறான். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். அடுத்த வாரமே நான் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கத்தானோ என்னவோ. என் ரேஷன் கார்டை மிஷினில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா எப்டி கீறாங்க?"

"நல்லா கீறாங்க."

"என்னப் பத்தி எப்பனா கேப்பாங்களா மச்சான்?"

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தான்.

இன்று புதன்கிழமை. அக்கா இப்போதெல்லாம் புதன்கிழமைகளில் கவுச்சி சமைப்பதில்லை. கீரை கடைந்து, அப்பளம் பொரித்து, முதல் பிடிச் சோற்றைக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைக்கிறாள். அது வந்து கொத்தும்வரை வெயிலில் நிற்கிறாள். சற்று முன்தான் உள்ளே வந்தாள். எனக்குத் தட்டு போட்டுவிட்டாள்.

"குமரேசு துன்னுட்டான்" என்றாள். "வா, நீ துன்னு."

நான் போய் உட்கார வேண்டும்.