நான் பார்க்காத நடுப்பக்கம்

படப் புத்தகம் கைக்கு வந்தால் நான் முதலில் எழுத்தைப் படிப்பதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்து வரிகளை மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போவேன். எனக்குள் ஒரு கதை உருவான பிறகுதான் வரிகளைப் படிப்பேன். பல நேரம் என் கதையே தேவலை என்று தோன்றும். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

மைசூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். தமிழ்ச் சிறுபத்திரிகை ஒன்றில் மாதம் ஒரு படப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். பாதி என் அலமாரியில் இருப்பவை, மீதி நூலகத்தில் எடுப்பவை. சொந்தப் புத்தகம் என்றால் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டே படிப்பேன்.

போன வருடம் நூலகத்தில் ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. வரைந்தவருக்கு அதுதான் முதல் புத்தகம். ஒரு சிறுமி அம்மாவோடு சந்தைக்குப் போகிறாள். எங்கள் தேவராஜா மார்க்கெட்டேதான். குங்குமக் குவியலையும் அந்த வளைந்த வாசலையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு பக்கத்தில் கூட்டத்துக்குள் அம்மாவின் கை நழுவுகிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் சிறுமி ஓடும் பஸ்ஸில் அம்மா மடியில் தூங்குகிறாள். நடுவே ஒன்றுமில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. தொலைந்த குழந்தை எப்படிக் கிடைத்தாள் என்பதை வரையாமல் விட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இரண்டு பத்தி எழுதினேன். சந்தையில் யாருக்கும் யார்மேலும் அக்கறை இல்லை என்ற கசப்பான உண்மையை அந்த இடைவெளி சொல்கிறது என்றும் அளந்துவிட்டேன்.

கட்டுரை வந்த மறுவாரம் ஒரு பெண் போன் செய்தாள். அந்தப் புத்தகத்தை வரைந்தவள், பத்திரிகை ஆசிரியரிடம் என் எண்ணை வாங்கினாளாம். பேச்சில் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்து வாடை இருந்தது. பாராட்டுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நானும் தயாராக இருந்தேன்.

"புடிக்கலீன்னா புடிக்கலீன்னு எழுதியிருக்கலாமுங்க அக்கா. நாலு மாசம் உக்காந்து வரைஞ்ச படத்த, அது இல்லவே இல்லாத மாதிரி எழுதிட்டீங்களே."

எந்தப் படம் என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவளுக்கு அதுவும் நக்கலாகப் பட்டிருக்க வேண்டும். இரண்டாவது புத்தகம் வரைய முடியாது என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டதாகச் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலையே நூலகத்துக்கு ஓடினேன். பின்னட்டையில் இருபத்து நான்கு பக்கம் என்று அச்சாகியிருந்தது. எண்ணினேன், இருபதுதான் இருந்தது. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் பக்கத்தை எண்ணவில்லை. கிழிந்த சுவடும் இல்லை. அங்கே வேலை பார்க்கிறவரைக் கேட்டதும் விஷயம் விளங்கிற்று. மெல்லிய புத்தகங்கள் வந்தால் நடுமடிப்பில் அடித்த பின்னைப் பிடுங்கிவிட்டு, கெட்டி அட்டை வைத்து, ஓரமாகத் தைத்துத்தான் இரவல் கொடுப்பார்களாம். பின்னைப் பிடுங்கும்போது நடுத்தாள் தனியாக நழுவி மேஜைக்கடியில் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அவர் இதை வெகு சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு இன்னொரு சந்தேகம் முளைத்தது. நான் முன்பு எழுதிய மற்ற நூலகப் புத்தகங்களையும் எடுத்து எண்ணினேன். சொற்சிக்கனத்துக்காக நான் புகழ்ந்த ஒன்றிலும் நான்கு பக்கம் குறைந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் தேவராஜா மொஹல்லா பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பதாக ஆசிரியர் சொன்னார். சனிக்கிழமை நூலகப் புத்தகத்தோடு போனேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் யாரென்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. பின், தையல், அட்டை என்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டே போனேன். அவள் மேஜைக்கடியிலிருந்து தன் பிரதியை எடுத்து நடுப்பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள்.

மேலேயிருந்து பார்க்கிற மாதிரி முழுச் சந்தை. ஒரு மூலையில் அம்மா, வாயைத் திறந்து யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். சிறுமியைக் காணோம். தேடினேன். எலுமிச்சை விற்பவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் காட்டிய திசையில் வெற்றிலைக்காரர், அவரும் எங்கோ காட்டுகிறார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனால் மூட்டை தூக்குகிறவர், தலையில் சுமையோடு தாடையால் காட்டுகிறார். அப்படியே பூக்காரி, வாழைப்பழக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். கடைசியில் வாழையிலைக் கட்டுக்குப் பின்னால் அந்தச் சிறுமி நின்றிருந்தாள். யாரோ கொடுத்த பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் அக்கறை இல்லை என்று எழுதியவள் நான். வெட்கத்தில் காது சுட்டது. மறுபடி முதலிலிருந்து தேடினேன். இந்த முறை வேறொரு வழி கிடைத்தது, அதுவும் அந்தச் சிறுமியிடம்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்த இதழில் என் தவறை விவரமாக எழுதிவிடுகிறேன் என்றேன்.

"அதெல்லாம் எழுதுங்க அக்கா, பர்வால்ல. படம் புடிச்சிருக்குதா இல்லீங்களா?"

அரை மணி நேரமாகப் பின்னைப் பற்றியே பேசியிருக்கிறேன். அவள் கேட்க விரும்பிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

பிடித்திருக்கிறது என்றேன். இந்த ஒரு படத்தைப் பார்த்திருந்தால் என் கட்டுரையில் ஒரு வரிகூட அப்படி எழுதியிருக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவள் தன் போனை எடுத்துப் பதிப்பாளரின் எண்ணைப் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியதும் அதை என் கையில் கொடுத்தாள்.

"உங்க எழுத்தப் பாத்துத்தான் வேண்டாம்னேன். நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஹலோ என்றார்கள். அவள் மெஷினை நிறுத்திவிட்டு நான் பேசுவதைக் கேட்க வந்து நின்றாள்.