சட்டைப் பையில் இருந்த பம்பு

மிளகாய் குடோனுக்குள் போகும்போது நானும் உங்கள் மாமாவும் சட்டையைக் கழற்றி வெளியே கதவையொட்டிய ஆணியில் மாட்டிவிடுவோம். நெடி ஏறிய சட்டையோடு வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் நீங்கள் தும்மியே ஓய்ந்துபோவீர்கள். அன்றைக்கு அந்தச் சட்டைப் பையில்தான் என் இழுப்புக்கு அடிக்கிற பம்பு இருந்தது. போனும் அதில்தான்.

மழைக்காலம். வற்றல் ஈரம் பிடிக்கக் கூடாதென்று ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தோம். பின்சுவர் ஒழுகியதால் மூட்டைகளைக் கதவோரம் மாற்றி அடுக்கினோம். அதுதான் தப்பு. அடுக்கு சரிந்து கதவை அடைத்துக்கொண்டது. உள்பக்கம் திறக்கிற கதவு. கிழிந்த மூட்டையிலிருந்து தூசி எழும்பியது. தகரக் கூரையில் மழை; கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

நான் பாய்ந்து ஒரு மூட்டையை இழுத்தேன். நெஞ்சு விசிலடித்தது.

"விடுங்க மச்சான். போய் உட்காருங்க" என்றான் மாமா.

"ரெண்டு பேரா இழுத்தா சீக்கிரம் ஆகும்டா."

"அப்புறம் உங்களையும் சேர்த்து நான்தான் இழுக்கணும். மூட்டையைவிட நீங்க கனம்."

ஒழுகிய சுவரோரம் தூசி குறைவு. அங்கே போய் உட்கார்ந்தேன்.

நீங்கள் பாடப்புத்தகத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டியது நினைவிருக்கா? சும்மா இருக்கிறவனுக்குக் கொஞ்சம் காற்று போதும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை கீழே இறங்கும், நெஞ்சு விரியும், காற்று தானாக வரும். தசை தளர்ந்தால் வெளியே போகும். பாரம் இழுக்கிறவனுக்கு அது போதாது. உழைக்கிற தசை பிராணவாயுவைக் கேட்கும், கரியமில வாயுவை ரத்தத்தில் கொட்டும். மூளை அதை அறிந்து மூச்சை விரட்டும். விலாவும் கழுத்தும்கூட வேலைக்கு இறங்கும். மாமா அப்படித்தான் மூச்சுவாங்கினான். ஆனால் அவனுக்குப் போனது வந்தது. எனக்கு மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன. உள்ளே போன காற்று வெளியே வராமல் நெஞ்சிலேயே கிடந்தது. பழையது போகாமல் புதுசுக்கு இடம் ஏது?

காற்றைக் கூட்ட என்னால் முடியாது. உடம்பு கேட்பதைக் குறைக்கலாம், அவ்வளவுதான். முன்னால் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, சூடு சாயாவை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினேன். இன்னொருத்தன் மூட்டை இழுக்க, அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பாடு. எழுந்துவிடலாம் என்று கால் துடித்தது. எழவில்லை.

கடைசியில் ஒரு கை நுழைகிற அளவு கதவு திறந்தது. மாமா துழாவி ஒரு சட்டையை உள்ளே இழுத்தான்.

"இது என்னுது. பீடிதான் இருக்கு, வேணுமா?"

சிரிக்கவும் மூச்சு வேண்டுமே. கையை மட்டும் ஆட்டினேன். மறுபடி துழாவினான். என் சட்டை வந்தது.

பம்பைக் குலுக்கி, வாயில் வைத்து அழுத்தி, மருந்தை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் விசில் இறங்கியது. மாமா அப்போதும் மூட்டை இழுத்துக்கொண்டிருந்தான்.

இப்போதும் சட்டை வெளியேதான். பம்பு மட்டும் கைலி மடிப்பில் என்னோடு உள்ளே வரும். அதில் நெடி ஏறியிருக்கும், மக்களே. நான் கழுவி வைக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.