துப்பட்டா வலை

அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியை வேலை கேட்டுப் போனேன். அதற்கு முன் போன பள்ளிகளெல்லாம் கையை விரித்திருந்தன. மாதிரி வகுப்புக்கு 'கேட்ச்' என்ற வினைச்சொல்லைக் கொடுத்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க, சளி பிடிக்க, தீப்பிடிக்க எல்லாவற்றுக்கும் இதே சொல்தான் என்று விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"மீனை எப்படிப் புடிப்பாங்க மிஸ்?" என்றாள் ஒருத்தி.

யோசிக்காமல் துப்பட்டாவை உருவினேன். ஒரு ஓரத்தைப் பல்லில் கவ்வி, சுழற்றி வீசினேன். முன்வரிசை மொத்தமும் அதற்குள் சிக்கிக் கூச்சல் போட்டுச் சிரித்தது.

"வாயில ஏங்க கவ்வுனீங்க?" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை.

அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் விவசாயம் என்றுதான் சொல்வேன்.

"எங்கப்பா ஏரியூர்ப் பக்கம் காவிரியில மீன் புடிக்கிறவருங்க. இப்படிக் கவ்வுனாத்தான் வலை வட்டமா விழும்."

"திங்கக்கிழமையே சேர்ந்துருங்க" என்றார் அவர் சிரித்தபடி.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"வட்டமா விழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இத்தனை வருஷம் அவர் தொழிலை மறைத்துத் திரிந்த நான், "அழகா விழுந்துச்சுப்பா!" என்று பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.