ஓடை கடைந்த கட்டில் கால்

ஓடைக்காரர் என்று ஊரே மரியாதையாகக் கூப்பிட்ட அந்த மனிதரின் கணுக்கால் ஓடையில் நனைந்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான். அதற்கு முன் ஒரு துணிக்கடையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றவர். துணியை அளந்ததைவிடக் கதை அளந்ததுதான் அதிகம் என்று முதலாளி வெளியே அனுப்பிவிட்டார். அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்துத் தன் ஒரே மகளைக் கட்டிவைத்து, வீட்டோடு மாப்பிள்ளையாகவும் வைத்துக்கொண்டார் மரம் கடைகிற கடைசல்காரர். "பேச்சு இருக்கிற பையன், வியாபாரத்துக்கு ஆகும்" என்றாராம். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார் அந்தப் பெரிய மனிதர். மாப்பிள்ளையைத் தட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

கடைசல்காரரின் பட்டறை ஓடையை ஒட்டி இருந்தது. நீளமாக ஒரே கூடம். ஓடைப் பக்கத்துச் சுவர் எந்நேரமும் ஈரம் கோத்திருக்கும். ஜன்னலோரம் கடைசல் இயந்திரம். கட்டில் கால், நாற்காலிக் கால், மாடிப்படிக் கம்பம் எல்லாம் அதில் சுழன்றுதான் உருவம் பெறும். அதைச் சுழற்றப் பின்பக்கம் ஆள் மார்பு உயரத்துக்கு ஒரு கைச்சக்கரம். சக்கரத்திலிருந்து இயந்திரத்துக்கு ஒரு தோல் பெல்ட். சக்கரத்தைச் சுற்றுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார், சுற்றுக்காரர் என்பார்கள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பா பக்கத்தில் நிற்பாள். அவர் கையில் உளியைக் கொடுப்பார். கல்யாண வயதுக்குள் அவள் கடைந்த கட்டில் கால்களில் எது அவளுடையது, எது அப்பாவுடையது என்று வாங்குகிறவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

அப்பா போன பிறகு மாப்பிள்ளை முதலாளி ஆனார். முதலாளியின் முதல் உத்தரவு பெண்டாட்டிக்குத்தான்.

"இனிமே நீ உளியைத் தொடாதே. பொண்டாட்டியை வேலை வாங்கிச் சாப்பிடுறான்னு நாலு பேர் என்னைக் காறித் துப்புவாங்க."

நாலு பேர்! அந்த நாலு பேரும் யார், எங்கே இருக்கிறார்கள் என்று அவள் கடைசிவரை கண்டதில்லை. இயந்திரத்துக்குத் தன் தம்பியைக் கொண்டுவந்தார். தம்பி நல்ல பிள்ளை. இரண்டு பேர் பேச்சையும் அண்ணனே பேசித் தீர்த்துவிட்டதால் அவன் வாயைத் திறப்பதே இல்லை. உளியைப் பிடிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணிதான். அது மட்டும் நாலு பேர் கணக்கில் வராது போலிருக்கிறது.

ஒரு காலையில் முதலாளி டீயை உறிஞ்சிக்கொண்டே ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்தார். "இவ்வளவு தண்ணி சும்மா போகுதே!" என்றார். சும்மா இருப்பது பற்றி அந்த மனிதருக்கு உறுத்தல் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் தண்ணீர் சும்மா இருப்பது பற்றி.

தண்ணீர்ச் சக்கரம் செய்ய ஒரு தச்சரைப் பிடித்தார். தண்ணீர் அடிக்கிற பலகைகளை அகலமாக, கனமாக வைக்கலாம், சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் இழுக்கும் என்று தச்சர் சொல்லிப் பார்த்தார். முதலாளி சிரித்தாராம். "மெதுவாச் சுத்துறதுக்கு எதுக்குய்யா சக்கரம்? வேகம்தான்யா பலம்." தச்சருக்கு என்ன வந்தது? கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மெல்லிய பலகை, ஒல்லி ஆரக்கால், மேலே நீலச் சாயம். ஓடையில் இறக்கியதும் அது விர்ரென்று சுற்றிற்று. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சக்கரத்தின் அச்சு சுவரைத் துளைத்துக்கொண்டு பட்டறைக்குள் வருகிறது, அதில் பெல்ட்டை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மாட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, தெரு முழுக்கக் கேட்கும்படி சுற்றுக்காரரைக் கூப்பிட்டார்.

"இனிமே ஓடை சுத்தும். நீங்க வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுங்க."

சுற்றுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளே மரக்கிடங்கில் கட்டை தூக்கப் போனார் என்று கேள்வி.

அப்புறம் பெல்ட்டை மாட்டினார்கள். சக்கரம் நின்றது. கழற்றினார்கள், விர்ரென்று சுற்றிற்று. மாட்டினார்கள், நின்றது. கட்டில் கால்கூட வேண்டாம், வெறும் இயந்திரத்தை அசைக்கவே அதற்குத் திராணி இல்லை.

"தண்ணி பத்தல. மழை வரட்டும், அப்புறம் பாரு" என்றார் முதலாளி.

மழை வந்தது. ஓடை அச்சுக்கு மேலே ஏறிற்று. சக்கரம் பாதிக்கு மேல் முழுகி, எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"இப்ப தண்ணி அதிகம்" என்றார். கொஞ்சமாக வந்தாலும் குற்றம், நிறைய வந்தாலும் குற்றம். அந்த ஓடையும் அவருக்கு வாழ்க்கைப்பட்டதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

சுற்றுக்காரரைத் திரும்பக் கூப்பிட முடியுமா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும். பட்டறையில் ஆர்டரும் நிற்கிறது. முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டு பெண்டாட்டியிடம் வந்தார்.

"தண்ணி ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும், கொஞ்ச நாளைக்கு மட்டும், கைச்சக்கரத்தை நீ சுத்திடேன்."

"நாலு பேர் காறித் துப்புவாங்களே?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

அதற்கும் வழி வைத்திருந்தார். கைச்சக்கரம் இருந்த பின்பகுதியைப் பலகை அடித்து அறையாக்கினார். பலகையில் ஒரு கிழிசல்போல நீளத் துவாரம், அதன் வழியாகப் பெல்ட் மட்டும் இயந்திரத்துக்குப் போகும். கதவில் 'இயந்திர அறை, அபாயம்' என்று எழுதி ஒட்டினார். பார்க்க வருகிறவர்களுக்கு வெளியே நீலச் சக்கரம் சுற்றுவது தெரியும், உள்ளே கட்டில் கால் சுற்றுவது தெரியும். நடுவில் அவள் சுற்றுவது மட்டும் தெரியாது. தண்ணீர்ச் சக்கரத்தின் அச்சு அவள் காலடியில் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். அதையும் கைச்சக்கரத்தையும் இணைக்க வாங்கிய பெல்ட் ஆணியில் தொங்கி ஒட்டடை பிடித்தது.

கொஞ்ச நாள் என்பது இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது.

புகழ் வந்தால் சும்மாவா வரும்? கூட்டத்தோடு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள், வியாபாரிகள், வேலையற்றவர்கள், வேலையிருந்தும் செய்யாதவர்கள் என்று ஒருத்தர் பாக்கி இல்லை. முதலாளி பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார். அது அவளுக்குச் சமிக்ஞை. அவள் சுற்றத் தொடங்குவாள். அவர் பேசத் தொடங்குவார். "இயற்கை அன்னை நமக்குச் சோறு போடறா. வாங்கிக்கத்தான் நமக்குப் புத்தி இல்ல." இந்த ஒரே வசனத்தை எத்தனை தடவைதான் கேட்பது! அவளுக்குக் கோபம்கூட வராது, சிரிப்புத்தான் வரும். கோபப்பட ஒரு தகுதி வேண்டாமா? வந்தவர்களும் லேசுப்பட்டவர்களா என்ன? ஒருத்தராவது அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டுமே! ஊஹூம். சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஆனால் தோள் சிரிக்கவில்லை. வலது கை மேலே எழும்ப மறுத்தது. தலைவாரக் குனிந்து கையிடம் போக வேண்டியிருந்தது, கை தலையிடம் வரவில்லை. டாக்டர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். "வீட்டு வேலைதான்" என்றாள். "அந்த வீட்டு வேலையை இன்னையோட நிறுத்துங்க. இல்லேன்னா இந்தக் கையால நீங்க இனி எதையும் பிடிக்க முடியாது" என்றார் அவர்.

எதையும் என்றால் உளியையும்தான். உளியைத் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தும், என்றாவது திரும்ப எடுப்போம் என்று மனசுக்குள் வைத்திருந்தாள். வந்து புருஷனிடம் சொன்னாள்.

"வியாபாரிகள் சங்கத் தலைவர் வர்றாரு. எனக்கு மரியாதை செய்யப் போறாங்க. அது வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார் அவர்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் எதையும் பார்த்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

சங்கத் தலைவர் வந்தார். தொந்தி முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். கூட்டத்தில் கத்திக்குச் சாணை பிடிக்கிற சாணைக்காரரும் இருந்தார். அவர் வீடும் ஓடைக்கரைதான். தன் சாணைக்கல்லுக்கு இதே போலச் சக்கரம் போடப் போவதாகச் சொல்லி, புதுசாகக் கட்டிக்கொண்ட சம்சாரத்தையும் கூட்டி வந்திருந்தார். முதலாளிக்கு இரட்டைச் சந்தோஷம். தட், தட் என்று பலகையைத் தட்டினார். அவள் சுற்றத் தொடங்கினாள். தம்பி உளியை வைத்தான். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. தலைவர் "ஆகா!" என்றார்.

தலைவர் பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். அவள் தோளில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. கை மாற்றிச் சுற்றினாள். அப்போது அவள் வந்து போகிற பின்சந்துக் கதவு திறந்தது.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி..." என்று ஒரு குரல்.

சாணைக்காரரின் சம்சாரம். கண் முதலில் கைச்சக்கரத்தில் விழுந்தது, அப்புறம் சுற்றுகிற கையில், அப்புறம் வேர்வையில் ஊறிய ரவிக்கையில். காலடியில் வெறுமனே சுழலும் அச்சையும் பார்த்தாள். வந்தவர்களில் இரண்டும் இரண்டும் நாலு என்று போட்டுப் பார்த்தது அந்தச் சின்னப் பெண் ஒருத்திதான்.

"அக்கா, இதை நீங்களா சுத்துறீங்க?"

"அங்கே பானை இருக்கு. குடிச்சிட்டுப் போ. வெளிய சொல்லாதே."

அந்தப் பெண் பானையின் பக்கம் போகவில்லை.

"எங்க வீட்டுலயும் பின்னாடி ஒரு ரூம் இருக்குக்கா. அதைக் காலி பண்ணுன்னு நாலு நாளா எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருக்காரு. எதுக்குன்னு கேட்டா, 'ஓடைக்காரர் சொல்லியிருக்காரு, சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்டாயம் வேணுமாம்'கிறாரு."

அவள் கை நின்றது.

இத்தனை நாள் ஓர் அசடு தன் வெட்கத்தை மறைக்கப் பலகை அடித்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அசடு என்றால் மன்னித்துவிடலாம். இவர் இதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார்! சக்கரத்துக்கு இத்தனை பலகை, இத்தனை ஆணி, பின்னால் ஒரு பெண்டாட்டி என்று அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'தூ' என்றாள். சத்தமாகவே சொன்னாள். காறித் துப்பப் போகிற அந்த நாலு பேரில் முதல் ஆள் கிடைத்துவிட்டது.

வெளியே கட்டில் கால் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. துவாரத்தின் வழியாகத் தம்பி "அண்ணி... அண்ணி..." என்று கிசுகிசுத்தான். தலைவரோ நீலச் சக்கரத்தின் பக்கம் கையை நீட்டி, "இதோ, ஓய்வில்லாமல் உழைக்கிறது பாருங்கள்!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இயந்திரம் நின்றதை ஒரு பயல் கவனிக்கவில்லை.

இது அவளுக்குத் தாங்கவில்லை. தாழ்ப்பாளைத் தள்ளிப் பட்டறைப் பக்கத்துக் கதவை அகலத் திறந்து விட்டாள்.

"எல்லாரும் இங்க வாங்க. வந்து பாருங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. முதலாளி ஓடி வந்தார். "ஏய், உள்ள போ! அபாயம்!"

"ஆமா, அபாயம்தான். நீங்களே ஒட்டியிருக்கீங்க."

ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தாள், ஒட்டடையைத் தட்டினாள். அத்தனை பேர் பார்க்க ஒரு பக்கத்தைக் கைச்சக்கரத்தில் போட்டாள். மறுபக்கத்தைச் சுழன்றுகொண்டிருந்த அச்சின் மேல் கட்டையால் நெம்பி ஏற்றினாள். பெல்ட் ஒரு தரம் கீச்சென்றது. வெளியே நீலச் சக்கரம் நின்றது. தண்ணீர் அதன் மேல் மோதி, இரண்டு பக்கமும் ஒதுங்கி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இவ்வளவுதாங்க ஓடை" என்றாள். "மீதி நான்."

தலைவர் தொண்டையைச் செருமினார். சாணைக்காரர் தரையைப் பார்த்தார். முதலாளி அசடு வழிய, "பொம்பளை கை பட்டதும் எதையோ கெடுத்துட்டா" என்றார். இரண்டு மூன்று தலைகள் 'அப்படித்தான் இருக்கும்' என்று ஆடின. கண்ணால் கண்ட பிறகும் ஆடின. அந்தத் தலைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது! சாணைக்காரரின் சம்சாரம் மட்டும், "நான் அந்த ரூமை விறகு போட்டு அடைச்சிடறேன்க்கா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் புருஷனுக்கு முன்னால் நடந்தாள். சொன்னபடியே கூரை முட்ட அடைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலையில் கட்டில் கால்கள் கிடந்தபடி கிடந்தன. வாங்க வேண்டியவர் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். சுற்றுக்காரரிடம் ஆள் அனுப்பினார்கள். "ஓடையைக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பியும் அண்ணனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வேறு கதியில்லை, முதலாளி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பின்னறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்ள மறக்கவில்லை.

தோள் கூடி வர நாளாயிற்று. கூடியதும் அவள் தம்பியிடமிருந்து உளியை வாங்கி, விளிம்பைக் கட்டை விரலில் தடவிப் பார்த்து, தானே தீட்டிக்கொண்டு, இயந்திரத்தின் முன்னால் நின்றாள். இப்போது அண்ணனும் தம்பியும் உள்ளே மாறி மாறிச் சுற்றுகிறார்கள். பேச்சுக் குறைந்துவிட்டது. மூச்சு வாங்கும்போது யாரால் பேச முடியும்?

வெளியூரிலிருந்து இன்னமும் யாராவது வருகிறார்கள். சேதி அங்கேயெல்லாம் போய்ச் சேரவில்லை. போன வாரம்கூட ஒருவர் வந்து வாசலில் நின்று கேட்டார்.

"இந்தப் பட்டறையை ஓட்டுற ஓடைக்காரர் சக்கரம் எங்கேம்மா இருக்கு?"

அவள் சுழல்கிற கட்டில் காலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"பின்னாடி ரூமுல இருக்கு. கதவைத் தட்டிட்டுப் போங்க, வேர்த்துக்கிட்டு நிக்கும்."